கேளுங்க சொல்றோம்: தெற்கு ஸ்பெயின்ல தாப்பாஸ் சாப்பிடப் போறவங்களுக்கு

கேள்வி: கிரனாடாவுல ட்ரிங்க்ஸ் வாங்கினா சாப்பாடு ஃப்ரீன்னு சொல்றாங்களே, நிஜமா சார்? செவில்லயும் அப்படித்தானா?

நிஜம்தான், ஆனா ஊருக்கு ஊர் மாறும். கிரனாடா, ஹாயேன், அல்மேரியா இந்த மூணு பக்கமும் ஒரு பீரோ ஒயினோ சொன்னீங்கன்னா கூடவே ஒரு சின்ன தட்டு சாப்பாடு வந்துடும், அதைத்தான் தாப்பாங்கறாங்க, அதுக்குத் தனியா காசு கிடையாது. செவில், கோர்தோபா, காடிஸ், மலகா எல்லாம் வேற கணக்கு, அங்க பெரும்பாலும் மெனு பாத்து ஆர்டர் பண்ணி காசு குடுத்துத்தான் சாப்பிடணும். நாலு ஆலிவ் சும்மா வெச்சாங்கன்னா அது உங்க அதிர்ஷ்டம். கிரனாடாவுல ரெண்டு நாள் இருந்துட்டு நேரா செவில் போறவங்க பீரை வெச்சுக்கிட்டு தட்டு வரும் வரும்னு கிச்சன் பக்கமே பாத்துக்கிட்டிருப்பாங்க, பாவமா இருக்கும்.

கிரனாடாவுல என்ன தட்டுன்னு பெரும்பாலும் கடைக்காரர்தான் முடிவு பண்ணுவார். முதல் ரவுண்டுக்கு ஒண்ணு, ரெண்டாவதுக்கு வேற ஒண்ணுன்னு மாத்தி மாத்தி வரும். அல்மேரியாவுல நிறைய கடையில லிஸ்ட் குடுத்து உங்களையே எடுத்துக்கச் சொல்லுவாங்க, அதனால சாப்பாட்டுல கண்டிஷன் உள்ளவங்களுக்கு அந்த ஊர் சௌகரியம். ஆனா ஒண்ணு சொல்றேன், ஃப்ரீங்கறதுக்காக மட்டும் ஊரைத் தேர்ந்தெடுக்காதீங்க, ருசின்னு பாத்தா காசு குடுத்து சாப்பிடற செவில்தான் என் ஓட்டு.

கேள்வி: நாங்க மது தொடறதில்ல. தாப்பாஸ் பார்ல உக்காந்தா ஒரு மாதிரி பாப்பாங்களா?

யாரும் பாக்க மாட்டாங்க. பார்னு பேருதானே ஒழிய, காலைல காபியும் டோஸ்ட்டும் குடுக்கற கடையும் அதேதான், பாட்டியும் பேரனும் பக்கத்து டேபிள்ல இருப்பாங்க. மோஸ்த்தோன்னு புளிக்காத திராட்சை ஜூஸ் கிடைக்கும், ஆல்கஹால் இல்லாத பீர் எல்லா கடையிலயும் இருக்கும், கிரனாடாவுல கூல்ட்ரிங்குக்கும் பொதுவா தட்டு வரும். காபிக்கு எதிர்பாக்காதீங்க. வெறும் குழாய்த் தண்ணி கேட்டாலும் தரணும், 2022-ல வந்த கழிவு மேலாண்மைச் சட்டத்துல ஹோட்டல்கள் பாட்டில் இல்லாத தண்ணியை இலவசமா குடுக்கணும்னு இருக்கு. "அகுவா தெல் கிரிஃபோ"ன்னு கேளுங்க, சும்மா "அகுவா"ன்னா பாட்டில் வந்துடும், பில்லும் ஏறிடும்.

குடிக்கறவங்களுக்கு ஒரு வரி: வெயில்ல உள்ளூர்க்காரங்க சங்ரியாவைவிட தின்தோ தெ வெரானோதான் அதிகமா குடிப்பாங்க, சிவப்பு ஒயின்ல சோடா கலந்தது, விலையும் கம்மி. ஃபினோ, மன்சனில்லான்னு ரெண்டு ஷெர்ரி வகை ஒயின் இருக்கு, பாக்க லேசா இருக்கும், ஆனா சுமார் 15 சதவீதம் ஆல்கஹால், பீர் மாதிரி கவுத்துடாதீங்க.

கேள்வி: நான் சுத்த சைவம், வீட்டுக்காரர் சிக்கன், மீன் சாப்பிடுவார், பன்னியும் மாடும் வேண்டாம். பட்டினிதானா?

பட்டினி எல்லாம் இல்லம்மா, ஆனா கண்ணை நல்லா திறந்து வெச்சுக்கணும், ஏன்னா அந்த ஊர்ல பன்னிக்கறியை நிறைய பேர் கறின்னே கணக்குல எடுத்துக்க மாட்டாங்க. "கறி இல்லாம குடுங்க"ன்னு சொன்னா தலையாட்டிட்டுப் போய் மேல ஹமோன், அதாவது உப்புல பதப்படுத்தின பன்னித்தொடைக் கறி, தூவிக் கொண்டாந்து வெப்பாங்க. அதனால "சின் கார்னே"ன்னு மட்டும் நிறுத்தாம "சின் ஹமோன், சின் அத்தூன், சின் பெஸ்காதோ"ன்னு ஹாமும் சூரை மீனும் மத்த மீனும் வேண்டாம்னு ஒவ்வொண்ணா சொல்லிடுங்க. சாலட்ல சூரை மீன் கேக்காமலே விழும். காய் பேர்ல இருக்கற ஐட்டத்தையும் நம்ப வேண்டாம், கிரனாடா பக்கம் ஃபேமஸான அவரை வகை ஒண்ணு இருக்கு, பேரே "ஆபாஸ் கோன் ஹமோன்", கூனைப்பூவுலயும் பீன்ஸ்லயும்கூட இதே கதை. க்ரோக்கேத்தாஸ்னு மொறுமொறுன்னு வர்ற உருண்டைக்குள்ள ஹாம் இருக்கறதுதான் வழக்கம், கீரை வெச்சதும் உண்டு, கேட்டுட்டு வாங்குங்க.

இப்ப நல்ல செய்தி. செவில்ல "எஸ்பினாகாஸ் கோன் கர்பான்சோஸ்" கேளுங்க. பசலைக் கீரையும் கொண்டைக்கடலையும், பூண்டும் சீரகமும் போட்டு, வறுத்த ரொட்டியை அரைச்சு கெட்டியாக்கி ஒரு சின்ன மண் சட்டியில சூடா வரும், முதல் வாய் வெச்சதும் சீரக வாசனை மூக்குல ஏறும் பாருங்க, நம்ம ஊரு ஆளுங்களுக்கு அங்க சட்டுனு பிடிச்சுப்போற ஐட்டம் இதுதான். கடலையை கறி ஸ்டாக்ல வேக வெச்சாங்களான்னு மட்டும் ஒரு வார்த்தை கேட்டுக்குங்க. அப்புறம் கத்தரிக்காயை மெலிசா நறுக்கி மாவுல பொரிச்சு மேல கரும்புப் பாகு ஊத்தித் தருவாங்க, உப்பும் இனிப்புமா இருக்கும், ஆறினா நமநமத்துடும், வந்த உடனே காலி பண்ணணும். மலகா பக்கம் ஃப்ரிஹிலியானாங்கற ஊர்ல இன்னிக்கும் அந்தப் பாகைக் காய்ச்சற ஆலை ஓடுது. கோர்தோபாவுல சல்மொரேஹோ, தக்காளியும் ரொட்டியும் ஆலிவ் எண்ணெயும் அரைச்ச சில்லுனு கெட்டி சூப், மேல முட்டையும் ஹாமும் தூவுவாங்க, அதை வேண்டாம்னுடுங்க. மலகாவுல அஹோபிளாங்கோ, பாதாமும் பூண்டும் அரைச்ச வெள்ளை சூப், திராட்சை மிதக்கும். முட்டை சாப்பிடுவீங்கன்னா தோர்த்தியாங்கற உருளைக்கிழங்கு ஆம்லெட் இருக்கவே இருக்கு. கோர்தோபா பெரிய மசூதிக்கு எதிர்ல பார் சாந்தோஸ்னு குட்டிக் கடை, அங்க தோர்த்தியா அவ்ளோ தடிமனா இருக்கும், ஜனங்க வாங்கிட்டு வெளிய நின்னே சாப்பிடுவாங்க.

வீட்டுக்காரருக்கு: செவில்ல சொலோமீயோன்னா பெரும்பாலும் பன்னி, காரியாதா, ப்ரிங்கா, ஃப்ளமென்கின் இதெல்லாமும் அந்த வகைதான், ராபோ தெ தோரோ மாட்டு வால். அவர் மலகா கடற்கரைக்குப் போகட்டும். மணல் ரொப்பின பழைய படகுல விறகு எரியும், ஒரு மூங்கில் குச்சியில அஞ்சாறு மத்தி மீனைக் குத்தி நெருப்புக்குப் பக்கத்துல மணல்ல சாய்ச்சு நட்டு வெச்சு சுடுவாங்க, கல்லுப்பைத் தவிர வேற மசாலாவே கிடையாது. மே முதல் ஆகஸ்ட் வரை மத்தி நல்லா கொழுப்பேறி இருக்கும், கையாலதான் சாப்பிடணும்.

கேள்வி: எங்க குடும்பத்துல ஏழரைக்கெல்லாம் டின்னர் முடிஞ்சுடும். அங்க எப்படி?

ஏழரைக்கு கிச்சனே திறந்திருக்காது. மதிய சாப்பாடு ரெண்டு டு நாலு, அப்புறம் அடுப்பை அணைச்சா எட்டு எட்டரைக்குத்தான் மறுபடி பத்த வெப்பாங்க, கூட்டம் சேர ஒன்பதரை ஆயிடும். நடுவுல பசிச்சா காபிக்கடையோ பேக்கரியோதான், இல்லன்னா டூரிஸ்ட்டுகளுக்குன்னே நாள் பூரா திறந்திருக்கற ஹோட்டல், போட்டோ போட்ட மெனு வெச்சிருக்கும், அதுல காசும் போகும் ருசியும் இருக்காது. என்னைக் கேட்டா மதியத்தையே பெரிய சாப்பாடா வெச்சுக்குங்க, வார நாள்ல மெனு தெல் தியான்னு ஒரே விலைக்கு ரெண்டு கோர்ஸும் ரொட்டியும் ட்ரிங்க்கும் டெசர்ட்டோ காபியோவும் வந்துடும். ராத்திரிக்கு நின்னபடி ரெண்டு கடையில ரெண்டு ரெண்டு தட்டு போதும். குழந்தைங்களைப் பத்தி கவலையே வேண்டாம், பத்தரை மணிக்கு சதுக்கத்துல பந்து விளையாடிட்டிருக்கற பசங்களைப் பாப்பீங்க.

கேள்வி: பில்லு வர்றப்ப ஷாக் ஆகாம இருக்க?

ஒரே ஐட்டம் மூணு சைஸ்ல இருக்கும்: தாப்பான்னா சின்னது, மெதியா ரசியோன்னா பாதி, ரசியோன்னா முழு தட்டு. சில கடையில தாப்பா சைஸ் கவுன்ட்டர்ல நின்னாத்தான் குடுப்பாங்க, டேபிள்னா மெதியாலருந்துதான். வெளிய டெராஸ்ல உக்காந்தா விலை கூடறதும் உண்டு, மெனுவுல போட்டிருக்கும், பாருங்க. கேக்காம வெச்ச ரொட்டிக்கும் சார்ஜ் வரும், வேண்டாம்னா தொடாம திருப்பிக் குடுத்துடலாம். இறால் மாதிரி ஐட்டத்துக்கு விலைக்குப் பதிலா எஸ்-எம்னு ரெண்டெழுத்து இருந்தா அன்னன்னிக்கு மார்க்கெட் ரேட்னு அர்த்தம், எடை போட்டு வரும், ஆர்டருக்கு முன்னாடியே விலையைக் கேட்டுடுங்க, அவங்க தப்பா நினைக்க மாட்டாங்க.

ஒவ்வொரு ரவுண்டுக்கும் காசு நீட்ட வேண்டியதில்ல, கிளம்பறப்ப மொத்தமா குடுக்கலாம். செவில்ல 1670-லருந்து இருக்கற எல் ரின்கொன்சீயோங்கற பார்ல போய்ப் பாருங்க, நீங்க சாப்பிடச் சாப்பிட கடைக்காரர் மரக் கவுன்ட்டர்லயே உங்க முன்னாடி கணக்கை சாக்பீஸால எழுதிக்கிட்டே வருவார், கடைசில கூட்டிச் சொல்லிட்டு காசை வாங்கிக்கிட்டு துணியால ஒரே துடை. டிப்ஸ் கட்டாயமில்ல, சில்லறையை விட்டுட்டு வந்தாலே போதும்.

ஞாயிறு ராத்திரியும் திங்களும் பல நல்ல கடை லீவு, ஆகஸ்ட்ல செவில்ல வாரக்கணக்கா பூட்டிட்டுப் போறவங்களும் உண்டு, அதனால குறிப்பிட்ட ஒரு கடைக்காகவே போறதா இருந்தா திறந்திருக்கான்னு முன்னாடியே பாத்துட்டு டிக்கெட் போடுங்க.