ஐந்து படிகள், மூன்று பொறுப்பாளர்கள்

கேள்வி: சிறுவயதில் போலியோவால் கால்கள் பாதிக்கப்பட்டு, சக்கர நாற்காலியில் நடமாடுகிறேன். நான் அடிக்கடி போக வேண்டிய தனியார் மருத்துவப் பரிசோதனைக் கூடம் ஒரு வணிக வளாகத்தின் முதல் மாடியில் இருக்கிறது. லிஃப்ட் உண்டு. ஆனால் லிஃப்ட் வாசலை அடையவே ஐந்து படி ஏற வேண்டும். பரிசோதனைக் கூடத்தில் கேட்டால், "ஆட்களை விட்டுத் தூக்கிக்கொள்கிறோம்; படி விஷயம் வளாக உரிமையாளர் பாடு" என்கிறார்கள். உரிமையாளரோ, "பழைய கட்டடம், தனியார் இடம். அந்தச் சட்டமெல்லாம் அரசு அலுவலகங்களுக்குத்தான்" என்கிறார். நான் என்ன செய்ய முடியும்?

பதில்: அன்புள்ள சகோதரிக்கு, உரிமையாளர் சொன்னது தவறு. மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், 2016-இன் 2-ஆம் பிரிவு 'பொதுக் கட்டடம்' எது என்று வரையறுக்கிறது. அரசுக் கட்டடமோ தனியார் கட்டடமோ, பொதுமக்கள் வந்துபோகும் இடமாக இருந்தால் போதும். வணிகத்துக்கும் மருத்துவச் சேவைக்கும் பயன்படும் கட்டடங்களைச் சட்டம் பெயர் சொல்லியே சேர்த்திருக்கிறது. உங்கள் வளாகம் இரண்டு வகையிலும் உள்ளே வருகிறது.

'பழைய கட்டடம்' என்ற சாக்குக்கும் சட்டத்தில் பதில் இருக்கிறது. ஏற்கெனவே உள்ள பொதுக் கட்டடங்களை, விதிகள் அறிவிக்கப்பட்ட நாளிலிருந்து 5 ஆண்டுகளுக்குள் அணுகத்தக்கவையாக, அதாவது மாற்றுத்திறனாளிகள் தடையின்றி வந்துபோகும்படி, மாற்ற வேண்டும் என்கிறது 45-ஆம் பிரிவு. விதிகள் 2017 ஜூனில் வந்தன. பரிசோதனைக் கூடத்தையும் 46-ஆம் பிரிவு விடவில்லை. சேவை தருபவர் தனியாராக இருந்தாலும் 2 ஆண்டுகளுக்குள் அணுகல் விதிகளின்படி சேவை தந்தாக வேண்டும். இரண்டு கெடுவும் முடிந்து நெடுநாளாகிறது. கட்டட வரைபடத்துக்கு அனுமதியும் பணி நிறைவுச் சான்றும் தருவதற்கு முன் அணுகல் வசதியைப் பார்க்க வேண்டிய கடமையை 44-ஆம் பிரிவு வைக்கிறது. அங்கே உள்ளாட்சி அமைப்பும் வந்துவிடுகிறது.

ஆக, கூடம், உரிமையாளர், உள்ளாட்சி என்று பொறுப்பாளர்கள் மூவர். ஒருவர் இன்னொருவரைக் கைகாட்டுவதால்தான் இந்தப் புகார்கள் வருடக்கணக்கில் இழுபடுகின்றன. தனித்தனியாக எழுதாதீர்கள். மூவரையும் எதிர்தரப்பாக்கி ஒரே மனுவாகப் போடுங்கள்.

எதிர்த்தரப்பு வக்கீல் ஒரு வாதத்தைக் கொண்டுவரக்கூடும். 2024 நவம்பர் 8 அன்று ராஜீவ் ரதூரி வழக்கில் உச்ச நீதிமன்றம், 2017 விதிகளில் அணுகல் தரங்களைச் சொல்லும் 15(1)-ஆம் விதியைச் செல்லாது என்றது. 'விதியே போய்விட்டது, பிறகென்ன கடமை?' என்பார்கள். தீர்ப்பு சொன்னது வேறு. சட்டம் கட்டாயமாக்கியதை அந்த விதி வெறும் வழிகாட்டுதலாக நீர்த்துப்போகச் செய்துவிட்டது என்பதால்தான் அது விழுந்தது. தளர்த்தவே முடியாத கட்டாய விதிகளை 3 மாதத்தில் வகுக்குமாறு ஒன்றிய அரசுக்கு உத்தரவிட்டார்கள். சட்டத்தின் 44, 45, 46-ஆம் பிரிவுகளை நீதிமன்றம் தொடவில்லை. விதி இல்லாதபோது அபராதம் போடலாமா என்று வாதம் நடக்கலாம். உங்கள் உரிமை அதனால் குறையாது. ஏனென்றால் 3-ஆம் பிரிவு உங்களுக்குச் சமத்துவத்தையும் கண்ணியமான வாழ்வையும் தனியே உறுதி செய்கிறது. நியாயமான ஏற்பாட்டை, அதாவது மிகையான சுமையில்லாமல் செய்து தரக்கூடிய தேவையான மாற்றத்தை, மறுப்பதும் பாகுபாடே என்று சட்டத்தின் வரையறை சொல்கிறது.

'தூக்கிக்கொள்கிறோம்' என்ற பதிலை ஏற்க வேண்டாம். விழுந்தால் அடிபடுவது நீங்கள். அதோடு, முன்பின் தெரியாதவர்கள் உங்கள் உடலைத் தொட்டுத் தூக்குவது ஓர் ஏற்பாடு ஆகாது. மனுவில் இதைத் தயங்காமல் உங்கள் சொற்களிலேயே எழுதுங்கள். வீட்டுக்கு வந்து ரத்தம் எடுப்பதாகச் சொன்னால், படிகளுக்கு மாற்று வழி செய்யும் வேலை முடியும்வரை இடைக்கால ஏற்பாடாக மட்டும் ஒப்புக்கொள்ளுங்கள். ஸ்கேன் வீட்டுக்கு வராது.

முதலில் படிகளையும் லிஃப்ட் வாசலையும் தேதி தெரிய படம் எடுங்கள். படிகளின் மொத்த உயரத்தை அளந்து குறியுங்கள். அடுத்து, தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி உள்ளாட்சி அமைப்பிடம் அந்த வளாகத்தின் அனுமதி வரைபடம், பணி நிறைவுச் சான்று ஆகியவற்றின் நகலைக் கேளுங்கள். பதில் தர அவர்களுக்கு 30 நாள். 2017-க்குப் பிறகு மாடி ஏற்றவோ விரிவாக்கவோ அனுமதி வாங்கியிருந்தால், பழைய கட்டடம் என்ற பேச்சே அடிபட்டுப்போகும். இதற்கிடையில் மூவருக்கும் ஒப்புகையுடன் கடிதம் அனுப்புங்கள், 30 நாள் கெடு வைத்து.

பதில் வரவில்லையென்றால் மாற்றுத்திறனாளிகளுக்கான மாநில ஆணையரிடம் 80-ஆம் பிரிவின் கீழ் மனுக் கொடுங்கள். ஆட்களை அழைக்கவும் ஆவணங்களை வரவழைக்கவும் அவருக்கு உரிமையியல் நீதிமன்ற அதிகாரம் உண்டு. அவர் பரிந்துரை செய்தால் உரிய அதிகார அமைப்பு 3 மாதத்துக்குள் நடவடிக்கையைத் தெரிவிக்க வேண்டும். ஏற்காவிட்டால் காரணம் சொல்ல வேண்டும். உள்ளாட்சியைக் கட்டாயம் சேர்க்கச் சொன்னது இதற்காகவும்தான். சட்டத்தை மீறினால் முதல் முறை 10,000 ரூபாய் வரை, மீண்டும் மீறினால் 50,000 முதல் 5 லட்சம் ரூபாய் வரை அபராதம் என்கிறது 89-ஆம் பிரிவு. ஆணையரிடம் நீங்களே பேசலாம். உயர் நீதிமன்றம்வரை போக நேர்ந்தால், மாற்றுத்திறனாளி என்ற முறையில், வருமானம் எதுவானாலும் சட்டப் பணிகள் ஆணைக்குழுவின் இலவச வழக்கறிஞர் உதவி உங்களுக்கு உண்டு.

கடைசியாக, சாய்தளம் கட்டித் தருகிறோம் என்று இறங்கி வந்தால் அளவு கேளுங்கள். இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். சரிவு 12-க்கு 1 என்ற விகிதத்தைத் தாண்டக் கூடாது. உங்கள் ஐந்து படிகள் சேர்ந்து 75 செ.மீ. உயரம் என்றால் சாய்தளம் குறைந்தது 9 மீட்டர் நீளம் வேண்டும். மேல்முனையிலும் கீழ்முனையிலும் நாற்காலி திரும்பச் சமதளம், இருபுறமும் கைப்பிடி, நாற்காலி தாராளமாகப் போகும் அகலம் வேண்டும். 3 மீட்டரில் செங்குத்தாக ஒரு சிமெண்ட் சரிவைப் போட்டுவிட்டு 'வசதி செய்தாகிவிட்டது' என்றால் அது நாற்காலியைக் கவிழ்க்கும் பொறி. இடம் போதாதென்றால் படியோரம் நாற்காலியோடு ஏற்றும் சிறு மின்தூக்கி வைக்கலாம். எது செய்தாலும் நீங்கள் தனியாக ஏறி இறங்கிப் பார்த்த பிறகே மனுவைத் திரும்பப் பெறும் தாளில் கையெழுத்திடுங்கள்.