ஆர்.என்.ஏ. ஆராய்ச்சிக்குப் போக ஆசைப்படும் மகளை எந்தப் பட்டப்படிப்பில் சேர்ப்பது?

வணக்கம் அம்மா. வலங்கைமானிலிருந்து நீங்கள் எழுதிய கடிதத்தை நிதானமாகப் படித்தேன். மகளுக்கு நீட்டில் இடம் கிடைக்கவில்லை. இன்னொரு வருஷம் கோச்சிங்கில் விடலாம் என்கிறார் அவள் அப்பா. அவளோ, ஆர்.என்.ஏ.வைப் பற்றிக்கொள்ளும் புரதங்களைத் தடுத்துப் புற்றுநோய்க்கு மருந்து தேடப் போகிறேன் என்கிறாள். அப்படி ஒரு துறை நிஜமாகவே இருக்கிறதா, படித்தால் பிழைப்புக்கு வழி உண்டா என்று கேட்டிருக்கிறீர்கள்.

இருக்கிறது. அவள் சரியான விஷயத்தைத்தான் பிடித்திருக்கிறாள்.

செல்லுக்குள் இருக்கும் டி.என்.ஏ.விலிருந்து ஆர்.என்.ஏ. படியெடுக்கப்படுகிறது, அதை வைத்துப் புரதம் தயாராகிறது. இது அவள் பிளஸ் டூவில் படித்த பாடம். ஆனால் படியெடுத்ததெல்லாம் புரதமாகிவிடுவதில்லை. மேட்டூரில் திறந்த தண்ணீர் உங்கள் வயலுக்கு எவ்வளவு வரும் என்பது வாய்க்கால் ஷட்டரை ஏற்றி இறக்கும் லஸ்கர் கையில் இருக்கிறதல்லவா? செல்லில் அந்த வேலையைச் செய்பவை, உங்கள் மகள் சொல்லும் ஆர்.என்.ஏ.வைப் பற்றிக்கொள்ளும் புரதங்கள். எந்த ஆர்.என்.ஏ.வை எங்கே வெட்டி ஒட்டுவது, எதை வைத்திருப்பது, எதை அழிப்பது என்பதெல்லாம் இவற்றின் பொறுப்பு. மனித உடலில் இப்படிப்பட்டவை 1,500க்கும் மேல் உண்டு.

ஹெச்.யு.ஆர். என்று ஒரு புரதம். வளர்ச்சியைத் தூண்டும் சில ஆர்.என்.ஏ.க்கள் வேலை முடிந்ததும் சீக்கிரம் சிதைந்துவிட வேண்டும். இது அவற்றைப் பிடித்து வைத்துக்கொண்டு சிதையாமல் காக்கிறது. பல வகைப் புற்றுநோய்க் கட்டிகளில் இதன் அளவு கூடியிருப்பதைப் பார்த்திருக்கிறார்கள். லின்28 என்ற இன்னொன்று, புற்றுநோயை அடக்கி வைக்கும் லெட்-7 என்ற குட்டி ஆர்.என்.ஏ.வை உருவாகவிடாமலே தடுத்துவிடுகிறது.

அப்புறம் ஏன் மருந்து வரவில்லை என்று கேட்பீர்கள். மருந்து மூலக்கூறு போய் உட்கார, புரதத்தில் ஆழமான ஒரு குழி வேண்டும். ஆர்.என்.ஏ.வைப் பற்றும் பரப்பு பெரும்பாலும் தட்டையாக இருப்பதால், இவற்றை மருந்தால் தொட முடியாது என்று நெடுங்காலம் ஒதுக்கி வைத்திருந்தார்கள். அந்த எண்ணத்தை அசைத்தது இண்டிசுலாம். நோயாளிகளிடம் சோதித்துப் பெரிய பலன் காணாத ஒரு பழைய மருந்து அது. அது உடலில் என்னதான் செய்கிறது என்பது 2017இல்தான் தெளிவானது. ஆர்.என்.ஏ.வை வெட்டி ஒட்டும் வேலையில் பங்குள்ள ஆர்.பி.எம்.39 என்ற புரதத்தை, செல்லின் கழிவகற்றும் அமைப்போடு பசைபோல ஒட்டவைத்து அழித்துவிடுகிறது. குழியைத் தேடி அடைப்பதை விட்டுவிட்டு, புரதத்தையே இல்லாமல் செய்கிற வழி இது. இன்று பல ஆய்வகங்கள் இந்த வழியில் போகின்றன. ஆனாலும் பெரும்பாலான முயற்சிகள் இன்னும் ஆய்வகத்திலும் தொடக்கநிலைச் சோதனைகளிலும்தான் இருக்கின்றன. உங்கள் மாமியாருக்கு இப்போது அடையாறில் நடக்கும் புற்றுநோய்ச் சிகிச்சைக்கு இதை மாற்றாக நினைத்துவிட வேண்டாம்.

இதையெல்லாம் இவ்வளவு விரிவாகச் சொல்லக் காரணம் இருக்கிறது. இந்த வேலையில் பாதிக்கு மேல் வேதியியல். மீதியில் கணினியும் புள்ளியியலும் பெரும்பங்கு. அதனால் இளநிலையில் வேதியியல் அல்லது உயிர்வேதியியல் எடுக்கச் சொல்லுங்கள். ‘மரபணுப் பொறியியல்’, ‘புற்றுநோய் உயிரியல்’ என்று பெயர் மினுங்குகிற படிப்புகளுக்கு லட்சக்கணக்கில் கட்டி, பிறகு வேறு வழியில்லாமல் தவித்த பிள்ளைகளை நிறையப் பார்த்துவிட்டேன். நிலத்தை அடகு வைத்துச் சேர்க்கும் அளவுக்கு எந்த இளநிலைப் படிப்பும் தகுதியானதில்லை. சிதம்பரத்தில் பிறந்த வெங்கி ராமகிருஷ்ணன் இயற்பியலில் முனைவர் பட்டம் வாங்கிய பிறகுதான் உயிரியல் பக்கம் வந்தார். ஆர்.என்.ஏ.வும் புரதமும் சேர்ந்து அமைந்த, செல்லில் புரதம் தயாரிக்கும் ரைபோசோமின் வடிவத்தை ஆராய்ந்ததற்காக 2009இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். அடிப்படைப் பாடம் பலமாக இருந்தால் பின்னால் எந்தப் பக்கமும் திரும்பலாம்.

தஞ்சாவூர் குந்தவை நாச்சியார் கல்லூரியோ கும்பகோணம் அரசு மகளிர் கல்லூரியோ போதும், வீட்டிலிருந்தே பஸ்ஸில் போய்வரலாம். அரசுப் பள்ளியில் படித்தவள் என்பதால் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாயும் வரும். அவளுக்குத் துணிவிருந்தால், மத்திய அரசின் அறிவியல் கல்வி, ஆராய்ச்சி நிறுவனமான ஐசரின் நுழைவுத் தேர்வையும் எழுதட்டும். திருப்பதியிலும் திருவனந்தபுரத்திலும் ஐசர் இருக்கிறது.

உண்மையான திருப்பம் எம்.எஸ்சி.யில் வரும். அதற்கு மூன்றாம் ஆண்டிலேயே ஜாம், கேட்-பி, க்யூட் என்ற முதுநிலை நுழைவுத் தேர்வுகளுக்குத் தயாராக வேண்டும். திருவாரூர் நீலக்குடியில் இருக்கும் மத்தியப் பல்கலைக்கழகமும் திருச்சி பாரதிதாசனும் பக்கத்திலேயே இருக்கின்றன. கோடை விடுமுறையில் அறிவியல் அகாதமிகள் உதவித்தொகையோடு ஆய்வகப் பயிற்சி தருகின்றன. அதற்குக் கட்டாயம் விண்ணப்பிக்க வேண்டும்.

காலக்கணக்கையும் சொல்லிவிடுகிறேன். இளநிலையில் தொடங்கி பி.எச்டி. முடிய எப்படியும் பத்து வருஷம் ஆகும். ஆனால் அத்தனை வருஷமும் நீங்கள் செலவு செய்ய வேண்டியதில்லை. சி.எஸ்.ஐ.ஆர். நெட் என்ற தேசியத் தகுதித் தேர்வில் ஜே.ஆர்.எஃப். எனும் ஆராய்ச்சி உதவித்தொகைத் தகுதி பெற்று பி.எச்டி.யில் சேர்ந்தால் மாதம் 37,000 ரூபாய் உதவித்தொகை, மூன்றாம் ஆண்டிலிருந்து 42,000. நடுவில் போதும் என்று தோன்றினால், எம்.எஸ்சி. வேதியியலோடு பெங்களூரு சின்ஜீன், ஹைதராபாத் அராஜென் மாதிரி மருந்து ஆராய்ச்சி நிறுவனங்களில் வேலைக்கு முயலலாம். கல்யாணப் பேச்சு வருமே என்று எழுதியிருந்தீர்கள். வரட்டும் அம்மா, எம்.எஸ்சி. முடியும்வரை அதை எடுக்காதீர்கள்.

நீட்டை மறுபடி எழுதுவதா என்பதை அவளிடமே கேளுங்கள். டாக்டராக வேண்டும் என்ற ஆசை அவளுக்கு இருந்தால் எழுதட்டும். உறவினர்கள் கேட்கிறார்கள் என்பதற்காக ஒரு வருஷத்தைக் கொடுக்க வேண்டாம்.

அரசுக் கல்லூரி விண்ணப்பத்தில் வேதியியலை முதல் விருப்பமாகப் போட்டுவிடுங்கள். கலந்தாய்வு தேதி வந்ததும் அவளையே எனக்குப் போன் செய்யச் சொல்லுங்கள். கணக்கில் அவளுக்கு எவ்வளவு பிடிப்பு இருக்கிறது என்று நேரடியாகக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.