பாலிஃபியூஸ் இருந்தும் டிரான்சிஸ்டர் ஏன் கருகுகிறது?

கேள்வி: “5 வோல்ட் சர்க்யூட்டில் அரை ஆம்பியர் பாலிஃபியூஸ் போட்டேன். ஆனாலும் டிரான்சிஸ்டர் போய்விட்டது. ஃபியூஸ் டூப்ளிகேட்டா? பேசாமல் கண்ணாடி ஃபியூஸுக்கே திரும்பிவிடலாமா?”

டூப்ளிகேட்டாக இருக்க வாய்ப்புக் குறைவு. பாலிஃபியூஸ் என்பது கரண்ட் மிஞ்சினால் சூடாகித் தடுத்து, ஆறியதும் தானே பழைய நிலைக்கு வரும் ஃபியூஸ். எனக்கும் இதேதான் நடந்தது. பிசி547 என்ற சின்ன டிரான்சிஸ்டரை வைத்துச் சின்ன மோட்டாரை ஓட்டிக்கொண்டிருந்தேன். ஷாஃப்டில் நூல் சுற்றி மோட்டார் நின்றது; அடுத்த நொடி கருகல் வாடை. டிரான்சிஸ்டரின் தலையில் பொட்டு மாதிரி ஓட்டை. பாலிஃபியூஸைத் தொட்டுப் பார்த்தால் வெதுவெதுப்புகூட இல்லை!

காரணம் எளிது. அரை ஆம்பியர் என்பது ஹோல்டு கரண்ட், அதாவது அதுவரை சும்மா இருப்பேன் என்ற உத்தரவாதம். டிரிப் ஆவதற்கு, அதாவது கரண்டைத் தடுப்பதற்கு, பெரும்பாலும் அதைப்போல் இரண்டு மடங்கு வேண்டும். பிசி547 தாங்குவதோ 100 மில்லி ஆம்பியர்தான்.

அப்புறம், இது வேலை செய்வதே சூட்டில். உள்ளே பிளாஸ்டிக்கில் கரித்தூள் கலந்திருக்கும். துகள்கள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருக்கும்வரை கரண்ட் ஓடும். சுமார் 125 டிகிரி செல்சியஸில் பிளாஸ்டிக் இளகி விரிய, துகள்கள் விலகி, ரெசிஸ்டன்ஸ் பல்லாயிரம் மடங்கு ஏறிவிடும். அந்தச் சூடு ஏறுவதற்குள் டிரான்சிஸ்டருக்குள் இருக்கும் சிலிக்கானின் கதை முடிந்துவிடும். டிரிப் ஆன பிறகும் கொஞ்சம் கரண்ட் கசியும். அந்தக் கசிவே அதை ஆறவிடாது. எனவே பவரை அணைத்துச் சற்றுப் பொறுக்க வேண்டும்.

மூடிய பெட்டிக்குள் வைத்தால் நிலைமை தலைகீழ்: சுற்றுச்சூடு ஏற ஏற ஹோல்டு கரண்ட் குறைந்து, சும்மாவே டிரிப் ஆகும்.

டிரிப் ஆகாதபோதும் பாலிஃபியூஸுக்கென்று கொஞ்சம் ரெசிஸ்டன்ஸ் உண்டு என்பதையும் மறக்காதீர்கள். 2012இல் வந்த முதல் ராஸ்பெர்ரி பை என்ற குட்டி கம்ப்யூட்டர் போர்டில் யூஎஸ்பி போர்ட்டுகளுக்கு 140 மில்லி ஆம்பியர் பாலிஃபியூஸ் இருந்தது. வைஃபை டாங்கிளைச் செருகினால் வோல்டேஜ் சரியும். பலர் கரண்ட் பாலிஃபியூஸைத் தாண்டிப் போகும்படி அதன்மேல் வயரை சோல்டர் செய்து ஓட்டினார்கள். அந்த ஆண்டே தயாரிப்பாளர்கள் அந்த பாலிஃபியூஸ்களை போர்டிலிருந்து எடுத்தும்விட்டார்கள்.

அதனால் உங்கள் பாலிஃபியூஸைக் கழற்ற வேண்டாம். வயரையும் சப்ளையையும் அது பார்த்துக்கொள்ளும். மோட்டாருக்கு, அது சிக்கி நிற்கும்போது இழுக்கும் கரண்டைத் தாங்குகிற மாஸ்ஃபெட் (இன்னொரு வகை டிரான்சிஸ்டர்) போடுங்கள். 230 வோல்ட் பக்கத்தில் மட்டும் இந்த 15, 30 வோல்ட் ரகங்களை வைத்துவிடாதீர்கள். அங்கே கண்ணாடி ஃபியூஸே இருக்கட்டும்.