மொட்டை மலைனு நெனச்சு கன்னு நட்டுடாதீங்க

கோயம்புத்தூர் வாசகர் ஒருத்தர் கேட்டிருக்காரு: "ஆபீஸ் சார்பா ஊட்டி பக்கம் ஒரு புல்மேட்டுல மரக்கன்னு நடப்போறோம். வெள்ளைக்காரன் காட்டை வெட்டினதாலதான் மலை மொட்டையாச்சுன்னு ஏஜென்ட் சொல்றாரு. வரையாட்டுக்கு ஆகாதுன்னு இன்னொருத்தர் தடுக்கிறாரு. எது சரி?"

தடுக்கிறவர் சொல்றதுதான் சரி சார். வெள்ளைக்காரன் சோலையை, அதாவது மலைப் பள்ளத்துல இருக்குற அடர்காட்டை, வெட்டினது நெஜம், ஆனா அந்தப் புல்வெளி அவன் உண்டாக்கினது இல்ல. ஊட்டி பக்கத்துல சாண்டிநல்லாங்கிற இடத்துல சதுப்புல அடுக்கடுக்கா மக்கிக் கிடக்குற மண்ணை விஞ்ஞானிங்க எடுத்துப் பாத்தாங்க, சுமார் 20,000 வருஷத்துக்கு முன்னாடி, பனியுகம் உச்சத்துல இருந்தப்போ, அங்க புல்லுதான் ஓங்கி இருந்திருக்கு. அப்போ குளிரும் அதிகம், மழையும் கம்மி, அதனால புல்வெளி நல்லா பரந்து கெடந்துச்சு, புல்லை நம்பி வாழுற வரையாடும் தாராளமா சுத்தியிருக்கும். அப்புறம் சூடும் மழையும் கூடக் கூட காடு மேல ஏறிச்சு, புல்லு உச்சிக்கு ஒதுங்கிச்சு, அதோட ஆடும் ஒதுங்கிச்சு. இன்னிக்கு முக்குருத்தி, ஆனைமலை, இரவிகுளம்னு சில மலைகள்ல மட்டும், கடல் நடுவுல தீவு மாதிரி தனித்தனியா மாட்டிக்கிட்டு நிக்குது. இதுக்கு மேல ஏறிப்போக மலையே இல்ல. மிச்சமிருக்கிற புல்லுலயும் கன்னு நட்டா அது எங்க போகும்?

இப்ப ஏஜென்ட் கதைக்கு வாங்க. கன்னுக்கு இவ்வளவுன்னு காசு, ஒரு பேனர், போட்டோ, சர்டிபிகேட், அதோட ஆள் எஸ்கேப். நடுறது என்ன கன்னுன்னு கேளுங்க, சில்வர் ஓக்குன்னு வெளிநாட்டு மரத்தைச் சொன்னா அங்கயே எந்திரிச்சு வந்துடுங்க. புல்வெளியைத் தரிசுன்னு எழுதி வெச்ச ரெக்கார்டு ஒரு பக்கம், தோல் பதனிடவும் கூழ் மரத்துக்கும்னு கவர்மெண்டே சீகையும் (சீகைக்காய் இல்ல, வாட்டில்ங்கிற வெளிநாட்டு மரம்) கற்பூர மரமும் (யூகலிப்டஸ்) நட்டது இன்னொரு பக்கம், இப்ப அதைப் புடுங்க தனியா திட்டம், தனியா பட்ஜெட்! யாரைக் கேக்குறது?

ஆனா ஒண்ணு, சீகைன்னா உடனே வெட்டணும்னும் கெளம்பிடாதீங்க. பழைய சீகைத் தோப்பு நெழல்ல சில இடத்துல சோலைக் கன்னு தானா மொளைச்சு வருது, அங்க மொத்தமா வெட்டினா அந்தக் கன்னும் போச்சு, வெயில் பட்டு சீகை விதையே மறுபடி குபுகுபுன்னு கெளம்பும். புல்லுக்குள்ள புதுசா நொழையுற சின்ன சீகையைத்தான் மொதல்ல புடுங்கணும், அதுவும் வனத்துறை அனுமதியோட.

கொடுத்த அட்வான்ஸைத் திருப்பிக் கேளுங்க. தரலைன்னா, அதே காசுக்கு கோயம்புத்தூர்லயே ரோட்டோரமா வேப்பங்கன்னு நட்டுத் தரச் சொல்லி எழுதி வாங்கிக்கோங்க.