கலிபோர்னியாவில் வீட்டுக் கொல்லையில் ஏடியு (ADU, அதே மனையில் கட்டும் இரண்டாவது சிறு வீடு) கட்ட எவ்வளவு இடம் விட வேண்டும்? நகராட்சி மறுக்க முடியுமா?

பக்கவாட்டிலும் பின்னாலும் 4 அடி விட்டால் போதும். ஏற்கெனவே வீடு இருக்கும் மனையில் 800 சதுர அடி, 16 அடி உயரத்துக்குள் தனிக் கட்டடம் என்றால், "மனையில் இத்தனை சதவீதம்தான் கட்டலாம்" என்ற உள்ளூர் விதியைக் காட்டி நகராட்சி மறுக்க முடியாது. மாநிலச் சட்டம் அதைத் தடுக்கிறது. அக்கம்பக்கத்தாரைக் கூட்டி விசாரிப்பதும் இல்லை. முழுமையான விண்ணப்பம் கிடைத்த 60 நாளுக்குள் முடிவு சொல்லியாக வேண்டும். மறுத்தால் குறைகளைப் பட்டியலிட்டுத் தர வேண்டும்.

பெரும்பாலும் சிக்கல் வருவது வேறு இடத்தில். 4 அடி என்பது மண்டல விதி (மனையில் எங்கே, எவ்வளவு கட்டலாம் என்பது). கட்டட விதி தனி: ஸ்ப்ரிங்க்ளர் (தீப் பிடித்தால் தானாக நீர் தெளிக்கும் அமைப்பு) இல்லாத கட்டடத்தின் சுவர், மனை எல்லையிலிருந்து 5 அடிக்குள் இருந்தால், அது ஒரு மணி நேரம் தீ தாங்க வேண்டும். அந்தச் சுவரில் ஜன்னல், கதவு எல்லாம் சேர்ந்து 25 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. கூரை நீட்டலும் 5 அடிக்குள் வந்தால் அதன் அடிப்பக்கத்துக்கும் தீப் பாதுகாப்பு கேட்பார்கள். இடம் இருந்தால் சுவரை 5 அடி தள்ளியே போடுங்கள். செலவு குறையும், ஜன்னலும் தாராளமாக வைக்கலாம்.

வரைபடம் போடும் முன் டைட்டில் ரிப்போர்ட்டில் (மனை உரிமை அறிக்கை) ஈஸ்மெண்ட், அதாவது உங்கள் மனையில் பிறருக்குள்ள பயன்பாட்டு உரிமை, இருக்கிறதா பாருங்கள். பின்வேலியை ஒட்டி மின் கம்பிக்கோ சாக்கடைக்கோ ஒதுக்கிய பட்டை இருந்தால் 4 அடி கணக்கு அங்கே செல்லாது.

அளவு 750 சதுர அடிக்குக் கீழே இருந்தால் நகராட்சியின் தாக்கக் கட்டணம் (புதுக் கட்டடத்தால் பொது வசதிகளுக்குக் கூடும் சுமைக்கு வாங்குவது) கிடையாது. 500 சதுர அடியைத் தாண்டினால் பள்ளி மாவட்டக் கட்டணம் வரும். பஸ் நிறுத்தம் அரை மைல் நடைக்குள் இருந்தால் கார் நிறுத்துமிடம் கேட்க முடியாது. கராஜை இடித்துக் கட்டினாலும் காருக்கு மாற்றிடம் தேவையில்லை.

பட்ஜெட்டைப் பதம் பார்ப்பது கழிவுநீர்க் குழாய்தான். அடிக்குக் கால் அங்குலம் சரிவு வேண்டும். 80 அடி ஓட்டத்துக்கு 20 அங்குல இறக்கம். உங்கள் பழைய குழாய் அவ்வளவு ஆழத்தில் இல்லையென்றால் பம்ப் வைக்க வேண்டி வரலாம். எனவே பிளம்பரை அழைத்து அந்த ஆழத்தை முதலில் அளந்துவிட்டு, பிறகு ஆர்க்கிடெக்டிடம் போங்கள். பழைய 100 ஆம்ப் மின் பேனல் தாங்குமா என்பதையும் அப்போதே எலக்ட்ரீஷியனிடம் கணக்குப் போடச் சொல்லுங்கள்.