உறவை இழந்த பின் உளநலச் சங்கம்: கேள்வி பதில்

தம்பியைத் தற்கொலையில் இழந்த பின்னர், மட்டக்களப்பின் படுவான்கரையில் சிறிய உளநலச் சங்கமொன்றைத் தொடங்கி நடத்திவருகிறேன். அத்தகைய முயற்சியில் இறங்க விரும்புவோர் கேட்டவற்றுக்கு இங்கே பதில் எழுதுகிறேன்.

களுவாஞ்சிக்குடியிலிருந்து: அக்கா, தற்கொலையில் இறந்த என் கணவரின் முப்பத்தோராம் நாள் கிரியை முடிந்து சில வாரங்களே ஆகின்றன. இப்போதே சங்கம் தொடங்கலாமா?

தங்கச்சி, உங்கள் எண்ணத்தை மதிக்கிறேன். ஆயினும் இப்போது வேண்டாம் என்றே சொல்வேன். உதவி தேடி வருபவர் சொல்லும் கதை பல வேளைகளில் உங்கள் வீட்டுக் கதையாகவே இருக்கும். அதைக் கேட்டுத் தாங்கும் வலு முதலில் உங்களுக்கு வரவேண்டும். தற்கொலையில் உறவை இழந்தவர்களுக்கே அந்த எண்ணம் தோன்றும் ஆபத்து ஏனையோரைவிடக் கூடுதல் என்பதால், நீங்கள் முதலில் ஓர் உளவளத்துணையாளரைச் சந்தியுங்கள். சங்கம் காத்திருக்கும்.

கல்லாற்றிலிருந்து: சங்கத்துக்கு என் மகனின் பெயரை வைக்க விரும்புகிறேன்.

அம்மா, அந்த ஆசை எனக்கு நன்றாகப் புரிகிறது. ஆனால் நம் ஊர்களில் ஒருவர் எந்தப் படலையைத் திறந்து உள்ளே போகிறார் என்பதை அயலார் எல்லோரும் கவனிப்பார்கள். மகன் எப்படி இறந்தார் என்பது ஊருக்குத் தெரிந்திருக்க, அவர் பெயர் எழுதிய பலகையைக் கடந்து உள்ளே வர ஒரு குமர்ப்பிள்ளையோ அவளைப் பெற்றவர்களோ துணிய மாட்டார்கள். அவர் நினைவாக ஆண்டுதோறும் ஒரு பயிற்சி நடத்துங்கள். பலகையில் பொதுவான பெயரே இருக்கட்டும்.

அக்கரைப்பற்றிலிருந்து: பதிவு செய்வது எப்படி?

யாப்பு (சங்கத்தின் விதிமுறைகள்), நிருவாக சபை, வங்கிக் கணக்கு ஆகியவற்றோடு உங்கள் பிரதேச செயலகத்தில் தொடங்குங்கள். தன்னார்வ சமூக சேவை அமைப்புகளின் பதிவு 1980ஆம் ஆண்டின் 31ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் வருகிறது. பொருளாளர் உங்கள் குடும்பத்தவராக இருக்க வேண்டாம்.

வவுணதீவிலிருந்து: எங்களில் வைத்தியரோ உளவளத்துணையாளரோ இல்லை. நாங்கள் என்ன செய்ய முடியும்?

மிக அதிகம் செய்யலாம், தம்பி. மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையில் உளநல மருத்துவப் பிரிவு இருக்கிறது. ஆனால் மருந்து தொடங்கியவர் அடுத்த கிளினிக்குக்குப் போகாமல் நின்றுவிடுகிறார். பேருந்துக் காசு இல்லை, நாட்கூலி போய்விடும், கூட்டிச் செல்ல ஆளில்லை, அல்லது சற்றுத் தேறியதும் இனி மருந்து தேவையில்லை என்று வீட்டார் முடிவு செய்துவிடுகிறார்கள். வீட்டுக்கும் வைத்தியசாலைக்கும் நடுவில் கிடக்கும் இந்த இடைவெளியை நிரப்புவதற்குப் பட்டம் தேவையில்லை. கிளினிக் நாளை நினைவூட்டவும், கூடச் செல்லவும், மருந்தை நிறுத்தியவரின் வீட்டில் போய் அமர்ந்து பொறுமையாகக் கேட்கவும் ஆட்கள் இருந்தால் போதும். கேட்டதை வெளியில் சொல்லாதவர்களையே சேருங்கள். நோயைக் கண்டறிவதும் மருந்தை மாற்றச் சொல்வதும் உங்கள் வேலையல்ல என்பதை யாப்பிலேயே எழுதிவிடுங்கள்.

திருக்கோவிலிலிருந்து: சாக நினைப்பவரை யாராலும் தடுக்க முடியாது என்கிறார்களே?

அது உண்மையல்ல. 1995ஆம் ஆண்டளவில் இலங்கையின் தற்கொலை வீதம் இலட்சம் பேருக்கு ஏறத்தாழ 47 என உலகின் மிக உயர்ந்த நிலைகளுள் ஒன்றாக இருந்தது. கொடிய நச்சுத்தன்மையுள்ள பூச்சிநாசினிகளை அரசு படிப்படியாகத் தடைசெய்த பின், சுமார் பத்தாண்டுகளில் அது பாதியாகக் குறைந்தது. சாகத் தோன்றும் அந்தக் கொடிய நேரத்தைக் கடந்துவிட்டால் பெரும்பாலானோர் வாழ்கிறார்கள் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா? கமக்கார அமைப்புகளோடு பேசி, வயல் மருந்துகளை வீட்டில் வைக்காமல் பூட்டிய பொது அறையில் வைக்கச் செய்வதும் உளநலப் பணியே.

சம்மாந்துறையிலிருந்து: சகோதரி, ஒருவர் சாக வேண்டும் போலிருக்கிறது என்று சொன்னால் அந்த நேரத்தில் என்ன செய்வது?

தற்கொலை எண்ணம் இருக்கிறதா என்று நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் விதைக்கப்படுவதில்லை. அவரைத் தனியே விடாதீர்கள், ஆபத்தானவற்றை அகற்றுங்கள். தேசிய உளநல உதவி இலக்கமான 1926 நாள் முழுவதும் இயங்குகிறது. உயிராபத்து என்றால் 1990 அம்புலன்ஸை அழையுங்கள். பொலிஸ் வழக்கு வரும் என்று அஞ்சி வைத்தியசாலைக்குப் போகாமல் இருப்பவர்கள் இன்னும் உண்டு. தற்கொலை முயற்சி 1998ஆம் ஆண்டிலேயே குற்றப் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டுவிட்டது என்பதை அவர்களுக்குச் சொல்லி, தாமதமின்றி அழைத்துச் செல்லுங்கள்.