மாத்திரையை விட்டுவிட்டுக் குடித்தால் ஆபத்தில்லையா?

கேள்வி: என் கணவருக்கு வயது 36. போன வருடம் ஏடிஹெச்டி (கவனம் சிதறும், யோசிக்காமல் சட்டென்று செய்துவிடும் கோளாறு) என்று கண்டுபிடித்தார்கள். தினமும் காலை 8 மணிக்கு, நாள் முழுக்க வேலை செய்யும் மீத்தைல்ஃபெனிடேட் 36 மில்லிகிராம் போடுகிறார். சனிக்கிழமை ராத்திரி மட்டும் குடிப்பார். அன்றைக்கு மாத்திரையை விட்டுவிடுவார். “ரெண்டும் சேரக் கூடாதுல்ல?” என்கிறார். இது சரியா? சாப்பாட்டில் கலந்து கொடுத்தால் குடியே மறந்துபோகும் என்று ஒருவர் பொடி தருகிறார். வாங்கலாமா?

பதில்: பொடியை வாங்கவே வாங்காதீர்கள். டைசல்ஃபிரம் மாத்திரையை இடித்து இப்படி விற்பவர்கள் உண்டு. அது குடியை நிறுத்தத் தரும் உண்மையான மருந்துதான். ஆனால், நோயாளியின் சம்மதத்தோடு, கல்லீரலையும் இதயத்தையும் சோதித்துவிட்டு, குடித்துக் குறைந்தது 12 மணி நேரமாவது கழிந்த பிறகுதான் தர வேண்டும். தெரியாமல் தின்றவர் குடித்தால் முகம் சிவந்து, வாந்தி எடுத்து, நெஞ்சு படபடத்து, ரத்த அழுத்தம் சரியும், உயிரே போகலாம். கொடுப்பதை நிறுத்தினாலும் இரண்டு வாரம் வரை அதன் வேகம் உடம்பில் இருக்கும். “அவருக்குத் தெரிய வேண்டாம்” என்று சொல்லி மருந்து விற்கிறவரை வாசலோடு அனுப்பிவிடுங்கள்.

இனி மாத்திரை. சேரக் கூடாது என்று அவர் சொல்வது சரி. மீத்தைல்ஃபெனிடேட்டைச் சிதைக்கும் கல்லீரல் நொதியை மது மந்தமாக்குகிறது. ரத்தத்தில் மருந்தின் அளவு கூடுகிறது. அதைவிட முக்கியம், மாத்திரை போதையின் தூக்கத்தை மறைத்துவிடும். தள்ளாட்டம் தெரியாததால் ‘நான் தெளிவாத்தான் இருக்கேன்’ என்று இன்னும் ஊற்றுவார், வண்டிச் சாவியையும் எடுப்பார்.

ஆனால், அதற்காக மாத்திரையை விடுவது தப்புக் கணக்கு. ஏடிஹெச்டி உள்ளவருக்கு ‘போதும்’ என்று நிறுத்தும் பிரேக் முன்பே தளர்வானது. மாத்திரையும் இல்லாத நாளில், கிளாஸ் காலியாகும்போதே கை பாட்டிலுக்குப் போயிருக்கும். யோசனை அதற்குப் பிறகுதான் வரும். மது முதல் சில மணி நேரம் நன்றாகத் தூங்கவைக்கும், விடியற்காலையில் எழுப்பிவிடும். அதனால் ஞாயிற்றுக்கிழமை கவனம் சிதறிக் கிடப்பதை, ‘மாத்திரை வேலை செய்யலை’ என்று தப்பாகப் புரிந்துகொண்டு டோஸை ஏற்றக் கேட்பவர்கள் நிறையப் பேர்.

அவர் குடிக்கும் அளவை கிராமில் போடுங்கள்: மில்லி × சதவீதம் × 0.8 ÷ 100. 5 சதவீத பீர் 500 மில்லி என்றால் 20 கிராம். 42 சதவீத விஸ்கி 60 மில்லியும் அதே 20 கிராம்தான். உடம்பு மணிக்கு ஏறத்தாழ 7 முதல் 10 கிராம்தான் கழிக்கும். காபியோ குளியலோ அதை வேகப்படுத்தாது.

‘சனிக்கிழமை மட்டும்’ என்பது உண்மைதானா என்று பாருங்கள். இதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. தினமும் நிறையக் குடிப்பவர், காலையில் கை நடுங்குபவர், ‘ஒரு வாய் போட்டாத்தான் நிதானம்’ என்பவர், இவர்கள் வீட்டில் வைத்துத் திடீரென்று நிறுத்தவே கூடாது. நிறுத்திய 6 முதல் 48 மணி நேரத்துக்குள் வலிப்பு வரலாம். இரண்டு மூன்று நாளில் மனக்குழப்பமும் இல்லாததைக் காண்பதும் வரலாம். முன்பு ஒருமுறை நிறுத்தியபோது வலிப்பு வந்திருந்தால் ஆபத்து இன்னும் அதிகம். அவர்களுக்கு மருத்துவமனையில், மருந்தோடும் தையமின் (வைட்டமின் பி1) ஊசியோடும்தான் குடியை நிறுத்த வேண்டும்.

உங்கள் கணவர் கேட்க வேண்டியது சாயங்கால நேரத்தைப் பற்றி. காலை 8 மணி மாத்திரை ராத்திரி 8 மணிவாக்கில் இறங்கிவிடும். மண்டைக்குள் இரைச்சல் திரும்பும் அந்த நேரத்தில்தான் பலருக்குக் குடிக்கத் தோன்றுகிறது. மருந்து நேரத்தை மாற்றலாமா, நாள் முழுக்கத் தாங்கும் இன்னொரு ஏடிஹெச்டி மருந்தான அடமாக்ஸெட்டின் ஒத்துவருமா என்று மருத்துவரிடம் கேட்கச் சொல்லுங்கள். அது முழுப் பலன் தரச் சில வாரங்கள் ஆகும். கல்லீரலையும் கவனிக்க வேண்டும்.

“குடியை விட்டுட்டு வா, அப்புறம் ஏடிஹெச்டியைப் பார்க்கலாம்” என்று ஒரு மருத்துவர் அனுப்புவார். குடிநோய் மருத்துவரோ “முதல்ல அதைச் சரிபண்ணிட்டு வா” என்பார். நடுவில் அலைகிறவர், வரிசையில் காத்திருக்கவே முடியாத ஒரு நோயாளி. இந்தப் பந்தாட்டம் அநியாயம்; இரண்டையும் சேர்த்தே பார்க்க முடியும், பார்க்கவும் வேண்டும். அப்படி அனுப்பினால், இரண்டையும் ஒன்றாகப் பார்க்கும் மனநல மருத்துவரைக் கேட்டு வாங்குங்கள். போகும்போது இரண்டு வாரக் குறிப்பு கையில் இருக்கட்டும்: மாத்திரை போட்ட மணி, குடிக்கத் தோன்றிய மணி, குடித்த மில்லி, தூக்கம் கலைந்த மணி.